இன்சூரன்ஸ் கம்பெனி பக்கம் நின்று வாதாடலாமா?

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞர் பதில்

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஓர் இளம் வழக்கறிஞர் ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 29. குடும்பத்தில் முதல் வக்கீல். 12 வயதில் அப்பாவை விபத்தில் இழந்தவர். மொபெட்டில் போய்க்கொண்டிருந்த அப்பா மீது லாரி மோதியது. லாரி டிரைவருக்குக் கனரக வாகன லைசென்ஸ் இல்லை என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது. ‘கம்பெனி முதலில் கட்டட்டும், பிறகு லாரி ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்’ என்று தீர்ப்பாயம் சொன்னது. கம்பெனி ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனது. பணம் கைக்கு வர எட்டு வருடம் ஆனது. கூண்டில் நின்ற அம்மாவிடம் கம்பெனி வக்கீல், “உங்க வீட்டுக்காரர் தினமும் குடிப்பாரா?” என்று கேட்டதும், அம்மா பதில் சொல்ல முடியாமல் அழுததும், பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த இவருக்கு இன்னும் மறக்கவில்லை. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் மது பற்றி ஒரு வார்த்தை கிடையாது என்பதைச் சட்டம் படித்த பிறகுதான் எடுத்துப் பார்த்தாராம்.

ஐந்து வருடமாக, விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆஜராகும் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறார். இப்போது இரண்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பேனலில் (கம்பெனிக்காக ஆஜராகும் வக்கீல்கள் பட்டியலில்) இருக்கும் வேறொரு சீனியர் கூப்பிட்டிருக்கிறார். “லயபிலிட்டி, அதாவது பணத்தை யார் கட்டுவது என்ற தகராறு உள்ள கட்டெல்லாம் (வழக்குக் கோப்புகள்) உன்னிடம் தருகிறேன், மூன்று வருடத்தில் உன் பெயரையும் பேனலுக்குச் சிபாரிசு செய்கிறேன்” என்றாராம். இதைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாகப் பேசுவதில்லை. “உங்கப்பாவுக்கு எதிரா நின்னவங்க பக்கமா போகப்போற?” என்று ஒருமுறை கேட்டதோடு சரி.

இது துரோகமா? ஏற்கெனவே வேலை பார்த்த கட்டுகளில் இனிக் கம்பெனிக்கு ஆஜராகலாமா? புதிய சீனியர் வண்டி ஓனருக்கும் கம்பெனிக்கும் சேர்த்தே வக்காலத்து போடுகிறாரே, அது சரியா? பேனல் என்றால் நிலையான வருமானம்தானே? உள்ளே போய்விட்டால் திரும்பி வர முடியுமா? இவை அவர் கேட்டவை.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் 2002-இல் பதிவு செய்தவள். என் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எம்.சி.ஓ.பி. எனப்படும் மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளில் ஆஜராகியே போயிருக்கிறது. அதனால் என் பேச்சில் அந்தப் பக்கத்துச் சாய்வு கொஞ்சம் இருக்கலாம். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உங்கள் அம்மாவிடம் கேட்ட அந்தக் கேள்வி. அதைக் கேட்டிருக்கக் கூடாது. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டிலோ ஆஸ்பத்திரிக் குறிப்பிலோ ஒரு வரி இருந்து, அதைக் காட்டிக் கேட்டால் அது குறுக்கு விசாரணை. கையில் எதுவும் இல்லாமல், கேட்டுத்தான் பார்ப்போமே என்று கணவனை இழந்த ஒரு பெண்ணிடம் கேட்பதற்கு வேறு பெயர். தக்க காரணம் இல்லாமல் இப்படிக் கேட்கக்கூடாது என்று சாட்சியச் சட்டமே சொல்கிறது. இத்தனை வருடத்தில் எந்தக் கம்பெனி அதிகாரியும் ‘அதை ஏன் கேட்கவில்லை’ என்று என்னிடம் கேட்டதில்லை. கம்பெனி பக்கம் போனால் இதையெல்லாம் செய்தே ஆகவேண்டும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள் என்றால், அந்தப் பயம் வேண்டாம். அந்தக் கேள்வி உங்கள் வாயிலிருந்து வர வேண்டுமா என்பதை முடிவு செய்வது நீங்கள்தான்.

எதிரில் இருப்பவர் யார்?

உங்கள் கடிதம் முழுக்க ஒரு எண்ணம் ஓடுகிறது: கம்பெனி வக்கீல் என்றால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பணம் போகாமல் தடுப்பவர். பாதிக் கட்டுகளில் இது உண்மை இல்லை, மீதியில் முழு உண்மை இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் முடிவு இதில்தான் நிற்கிறது.

ஒரு எம்.சி.ஓ.பி. கட்டுக்குள் மூன்று சண்டைகள் சேர்ந்தே கிடக்கும். யார் மேல் தவறு என்பது ஒன்று. எவ்வளவு இழப்பீடு என்பது இன்னொன்று. அந்தப் பணத்தைக் கட்ட வேண்டியது கம்பெனியா, ஓனரா என்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் எதிரில் இருப்பது உங்கள் அம்மாவைப் போன்றவர்கள். உங்களுக்குத் தருவதாகச் சொன்ன லயபிலிட்டி வேலை மூன்றாவது. அதில் கம்பெனியின் வாதம் பாலிசி எடுத்தவரைப் பார்த்துச் சொல்வது: ‘நீ பாலிசி நிபந்தனையை மீறினாய், அதனால் நீயே கட்டு.’

கம்பெனி நினைத்த காரணத்தை எல்லாம் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் பழைய 149-வது பிரிவில் இருந்து, 2019 திருத்தத்தின் மூலம் 2022 ஏப்ரல் 1 முதல் 150-வது பிரிவுக்கு வந்த சில தற்காப்புகள்தான் உண்டு. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார், பெர்மிட் சொல்லாத வேலைக்கு வண்டியை ஓட்டினார், முக்கியமான உண்மையை மறைத்து பாலிசி வாங்கினார், இந்த மாதிரி. குடித்துவிட்டு ஓட்டியதையும் பிரீமியம் வந்து சேராததையும் அந்தத் திருத்தம் வெளிப்படையாகச் சேர்த்தது.

இந்தக் காரணங்களில் ஒன்று இருந்தாலே கம்பெனி ஜெயித்துவிட்டது என்றும் ஆகாது. ஸ்வரன் சிங் வழக்கில் (2004) மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு சொன்னதை நீங்கள் படித்திருப்பீர்கள். நிபந்தனை மீறப்பட்டது என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். ஓனர் கவனமாக இல்லை என்பதையும் கம்பெனியே நிரூபிக்க வேண்டும். டிரைவர் காட்டிய லைசென்ஸைப் பார்த்து நம்பி வேலைக்கு வைத்த ஓனர், அது போலி என்று பின்னால் தெரிந்தால், அதற்காக மட்டும் மாட்டிக்கொள்ள மாட்டார். இவ்வளவையும் கம்பெனி நிரூபித்தாலும், விபத்தில் அடிபட்ட மூன்றாம் நபருக்கு முதலில் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பாயம் சொல்லலாம். உங்கள் அப்பா வழக்கில் நடந்தது இதுதான்.

ஆக, இந்த வேலையில் நீங்கள் பெரும்பாலும் யாரை எதிர்த்து நிற்பீர்கள் தெரியுமா? கடன் வாங்கி ஒற்றை வண்டி வைத்துப் பிழைக்கிறவரை. சம்மன் வந்தால், ‘இன்சூரன்ஸ் இருக்கிறதே, கம்பெனி பார்த்துக்கொள்ளும்’ என்று அதை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறவரை. அவர் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடுவார், அதாவது அவர் வராமலே வழக்கு நடக்கும். ஆர்-1, அதாவது முதல் எதிர்மனுதாரரான ஓனரின் நாற்காலி காலியாகவே கிடக்கும். எதிர்ப்பே இல்லாமல் அவருக்கு எதிராக நீங்கள் ஆவணம் போடுவீர்கள்.

இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். 2005 வாக்கில், ஒரு மினி லாரி விபத்து. டிரைவரின் லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டது என்று கம்பெனியின் இன்வெஸ்டிகேட்டர் ரிப்போர்ட் கொடுத்திருந்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஊழியரைச் சாட்சியாகக் கூப்பிட்டேன், லைசென்ஸ் விவரத்தைக் கோர்ட்டில் ஆவணமாகக் குறியீடு செய்தேன். ஓனர் வரவே இல்லை. கட்டிவிட்டு வசூலித்துக்கொள் என்று தீர்ப்பு வந்தது. என் சீனியர் பாராட்டினார். ஒன்றரை வருடம் கழித்து, எக்ஸிகியூஷன் (தீர்ப்புத் தொகையை வசூலிக்கும்) நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஓனர் எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றார். அவருக்கு வாதமெல்லாம் தெரியவில்லை. “அடுத்த வாரமே புதுப்பிச்சிட்டானேம்மா” என்று ஒரு ரசீதைக் காட்டினார். அன்று ராத்திரி கட்டை எடுத்துத் தேதிகளை எண்ணினேன். லைசென்ஸ் முடிந்த 22-ஆம் நாள் விபத்து. அன்றைக்கு இருந்த சட்டத்தில், 14-வது பிரிவின்படி லைசென்ஸ் முடிந்த பிறகும் 30 நாள் செல்லும். அந்தச் சலுகையை 2019 திருத்தம்தான் எடுத்தது. சட்டம் எனக்குத் தெரியும். நாளைத்தான் எண்ணவில்லை. எதிரில் யாராவது இருந்திருந்தால் எண்ணியிருப்பார்.

கம்பெனிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். கட்டு இரண்டு மூன்று அதிகாரிகளிடம் போய் வந்தது. கடைசியில் வசூல் மனுவை வாபஸ் வாங்கச் சொல்லிக் கடிதம் வந்தது. அதற்குள் அவர் வண்டியை விற்றிருந்தார்.

உங்கள் பயம் முழுக்க இன்னொரு விதவையின் முகத்தைப் பற்றியதாக இருக்கிறது. அது நியாயமான பயம். ஆனால் இந்த வேலையில் நீங்கள் அதிகம் பயப்பட வேண்டியது, அந்தக் காலி நாற்காலிக்குத்தான்.

பணமே போகாத வழக்குகளும் உண்டு

கம்பெனி ஜெயித்தாலும் குடும்பத்துக்குப் பணம் போய்விடும் என்று நான் ஆறுதல் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படிப் போகாத வழக்குகளும் இருக்கின்றன. கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ குட்டியானையில் பத்திருபது பேர் ஏறிப் போவதை நம் ஊர்ப் பக்கம் தினமும் பார்க்கிறோம். சரக்கு வண்டியில் இப்படிச் சும்மா ஏறிப் போகிறவர்களுக்குக் கட்டாய இன்சூரன்ஸ் பொருந்தாது என்று ஆஷா ராணி வழக்கிலேயே (2003) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டூவீலரில் வெறும் ஆக்ட் பாலிசி (சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்ச இன்சூரன்ஸ்) இருந்தால் பின்னால் உட்கார்ந்து போகிறவருக்குப் பாதுகாப்பு இல்லை என்பது திலக் சிங் வழக்கு (2006). அதுவே பேக்கேஜ் பாலிசி, அதாவது மக்கள் ‘ஃபுல் கவர்’ என்று சொல்வது, இருந்தால் காரில் போகிறவருக்கும் பின்னால் உட்கார்ந்தவருக்கும் சேர்ந்து செல்லும் என்று பாலகிருஷ்ணன் வழக்கில் (2013) தெளிவானது. பிரீமியம் செக் திரும்பி, பாலிசி ரத்தாகி, அதை விபத்துக்கு முன்பே ஓனருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் கம்பெனி தெரியப்படுத்தியிருந்தால், கம்பெனி முழுசாக வெளியே வந்துவிடும்.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புது வண்டிகளுக்கு ஐந்து வருடத்துக்கு ‘பம்பர் டு பம்பர்’, அதாவது முழுப் பாதுகாப்பு இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சொல்லிப் பரபரப்பானது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதுகூட காருக்குள் இருந்தவருக்கு ஆக்ட் பாலிசியில் பாதுகாப்பு உண்டா என்ற இதே மாதிரி வழக்கிலிருந்து கிளம்பியதுதான். வண்டி வாங்கும்போது என்ன பாலிசி வாங்குகிறோம் என்று நம் மக்களுக்கு யாரும் சொல்வதில்லை என்ற ஆதங்கம் அந்த நீதிபதிக்கு இருந்தது. எனக்கும் உண்டு.

இப்படி ஒரு கட்டு உங்களிடம் வரும். நியாயமாகவே வாதாடி ஜெயிப்பீர்கள், ஒரு குடும்பம் வெறுங்கையோடு போகும். அன்று ராத்திரி உங்களால் தூங்க முடியுமா என்பதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. எனக்கே சில தீர்ப்புகள் இன்னும் உறுத்துகின்றன. ஆனால் பாலிசி சொல்லாததையும் கம்பெனிதான் தர வேண்டும் என்றால், அது எல்லாரும் கட்டும் பிரீமியத்திலிருந்துதான் வர வேண்டும். பொய் வழக்குகளும் அதே உண்டியலில்தான் கை வைக்கின்றன. போலி விபத்து வழக்குகள் போட்டதாக உத்தரப் பிரதேசத்தில் 28 வக்கீல்களை 2021-இல் பார் கவுன்சில் சஸ்பெண்ட் செய்தது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட வழக்கைக் கண்டுபிடிக்க கம்பெனி பக்கம் ஒழுங்கான வக்கீல் ஒருவர் இருக்கத்தான் வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம்

கம்பெனி வக்கீலின் முக்கியமான வேலை கோர்ட்டில் நடப்பதில்லை. கட்டு வந்ததும் கம்பெனிக்கு எழுதும் ஒப்பீனியனிலும் (சட்டக் கருத்திலும்), தீர்ப்பு வந்ததும் ‘அப்பீல் போகலாமா’ என்று எழுதும் ஒப்பீனியனிலும்தான் இருக்கிறது. உங்கள் குடும்பம் எட்டு வருடம் காத்திருந்ததற்கு அந்தக் குறுக்கு விசாரணை காரணமில்லை. யாரோ ஒருவர் ‘அப்பீலுக்குத் தகுதியுள்ளது’ என்று எழுதிய ஒரு பக்கம்தான் காரணம். அதை இன்னொருவர் வேறு மாதிரி எழுதியிருக்க முடியும்.

அந்தப் பக்கத்தை ஒழுங்காக எழுதுவது எப்படி என்பதை நீங்கள் கற்றுக்கொண்டால், பாதிக்கப்பட்டவர் பக்கம் பத்து வருடம் நின்று செய்வதைவிட அதிகமாகவே செய்ய முடியும் என்று நான் நம்புகிறேன். பாலிசியின் முதல் பக்கத்தில் பிரீமியம் பிரித்துப் போட்டிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். டிரைவருக்கோ கிளீனருக்கோ சின்னதாக ஒரு தொகை தனியாகக் கட்டியிருப்பார்கள், அதைப் பார்க்காமல் ‘கவர் இல்லை’ என்று கவுண்டர் (எதிர்வாத மனு) போட்டவர்கள் நிறைய. விபத்துத் தேதி, நேரம், பாலிசி தொடங்கிய நேரம், லைசென்ஸ் தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். சட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும், அதையும் கவனியுங்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, சாதாரண இலகு ரக லைசென்ஸ் உள்ளவர் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு ரம்பா தேவி வழக்கில் உறுதிசெய்த பிறகு, பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு தற்காப்பே போய்விட்டது. அதன் பிறகும் பழைய கவுண்டரை அப்படியே எடுத்து ஒட்டுகிறவர்களைப் பார்க்கிறேன்.

கம்பெனி அதிகாரிகள் கல்நெஞ்சக்காரர்கள் என்று எண்ண வேண்டாம். பொதுத்துறைக் கம்பெனியில் ஒருவர் ‘அப்பீல் வேண்டாம்’ என்று எழுதினால் நாளைக்கு ஆடிட்டில் கேள்வி வரும், ‘அப்பீல் போ’ என்று எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். அவருக்குத் தேவை, தைரியமாகக் கையெழுத்துப் போட உங்களிடமிருந்து காரணத்தோடு ஒரு தாள். கணக்கையும் அதில் போட்டுக் காட்டுங்கள். 12 லட்ச ரூபாய்க்கு 7.5 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 90,000 ரூபாய். தோற்கப்போகும் அப்பீலை நான்கு வருடம் இழுத்தால் 3,60,000 ரூபாய் கூடுதல் செலவு. இரக்கத்தைவிட இந்தக் கணக்கு ஃபைலில் வேகமாக நகரும். லோக் அதாலத்தில் முடிக்கலாம் என்று நீங்கள் எழுதினால் அதற்கும் மதிப்பு உண்டு. அங்கே முடிந்தால் அப்பீலே கிடையாது.

நீங்கள் கேட்ட மற்றவை

பழைய கட்டுகள்: ‘வக்காலத்தில் என் பெயர் இல்லை, டிராஃப்ட் மட்டும்தான் செய்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. ஒரு வழக்கில் ஆலோசனை சொன்ன, மனு தயாரித்த, அல்லது ஒரு தரப்புக்காகச் செயல்பட்ட வக்கீல், அதே விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 33 சொல்கிறது. மனு தயாரித்தது நீங்கள்தானே. அந்தக் கட்டுகள் ஒன்றையும் தொடாதீர்கள். புது ஆபீஸில் சேரும் முன்பே வழக்கு எண்களை மட்டும் ஒரு பட்டியலாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் குடும்பங்கள் உங்களிடம் சொன்னது எதுவும் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. பேச்சுவாக்கில்கூட. இப்போதைய சீனியரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், அவர் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டாம்.

ஓனருக்கும் சேர்த்து வக்காலத்து: புதிய சீனியர் செய்வது பல ஊர்களில் வழக்கமாக நடப்பதுதான். கம்பெனி பொறுப்பை முழுசாக ஏற்றுக்கொண்டு, தொகை மட்டும் தகராறு என்றால் அதில் பெரிய சிக்கல் வராமல் போகலாம். ஆனால் உங்களுக்குத் தரப்போவது லயபிலிட்டி கட்டு. ஓனர் உங்களை நம்பி, “டிரைவர்கிட்ட லைசென்ஸ் இல்லம்மா, பாவம்னு வெச்சிருந்தேன்” என்று சொல்லிவிட்டார் என்று வையுங்கள். அதைக் கம்பெனியிடம் சொன்னால் ஓனருக்குத் துரோகம், சொல்லாவிட்டால் கம்பெனிக்குத் துரோகம். இதற்கு நடுவழி கிடையாது. கவர் பற்றித் தகராறு இருக்கும் கட்டில் ஓனரின் வக்காலத்தை வாங்கவே கூடாது. அவர் ஆபீஸுக்கு வந்தால், ‘நான் உங்கள் வக்கீல் இல்லை, உங்களுக்கு எதிராகவும் தீர்ப்பு வரலாம், உடனே வேறு வக்கீலைப் பாருங்கள்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவிக்கு மனு கொடுக்கச் சொல்லலாம். இவ்வளவு சொல்வதால் கம்பெனிக்கு நீங்கள் எந்தத் தவறும் செய்துவிடவில்லை. நோட்டீஸ் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே அக்கறையாகப் பாருங்கள். லைசென்ஸைக் கொண்டு வா என்று அவருக்குப் பதிவுத் தபால் அனுப்புவது உங்கள் நிரூபணத்துக்கும் தேவை.

வருமானம்: பேனல் என்பது சம்பளம் இல்லை. கட்டுக்கு இவ்வளவு என்று கம்பெனி வைத்த ஃபீஸ்தான், அது பில் போட்டு வர மாதக்கணக்கில் ஆகும். பேனலை அவ்வப்போது மாற்றியமைப்பார்கள், அதில் உங்கள் பெயர் இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, அந்த சீனியர் உட்பட. பேனலில் இருக்கும்வரை அந்தக் கம்பெனிக்கு எதிராக வழக்கு எடுக்கக்கூடாது என்று பொதுவாக நிபந்தனை இருக்கும். ஒரு நல்லது உண்டு: கிடைக்கிற தொகையில் சதவீதம் பேசுவது இந்தப் பக்கம் கிடையாது. பாதிக்கப்பட்டவர் பக்கம் அது எவ்வளவு சாதாரணமாக நடந்தாலும், பார் கவுன்சில் விதி 20 அதைத் தடை செய்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். கம்பெனியிலேயே சட்ட அதிகாரியாகச் சேரும் வழியும் இருக்கிறது. பொதுத்துறைக் கம்பெனிகள் பரீட்சை வைத்து எடுக்கின்றன. ஆனால் முழுநேரச் சம்பளத்துக்குப் போனால் பிராக்டிஸை நிறுத்திவைக்க வேண்டும்.

திரும்பி வருவது: வரலாம், நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். கம்பெனி எப்படி யோசிக்கும் என்று தெரிந்த வக்கீலைப் பாதிக்கப்பட்டவர்கள் தேடி வருவார்கள். அப்போதும் விதி 33 கூடவே வரும், அவ்வளவுதான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

போவேன், ஆனால் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டுதான் போவேன். ஓனருக்குச் சேர்த்து வக்காலத்து போடும் லயபிலிட்டி கட்டில் என் பெயர் வராது என்பது ஒன்று. என் ஒப்பீனியனை, சீனியருக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும், என்னைக் கேட்காமல் மாற்றி என் பெயரில் அனுப்பக்கூடாது என்பது இரண்டு. இதைக் கேட்டதும் அவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ‘சரிம்மா, அதுவும் சரிதான்’ என்றால் நல்ல இடம். ‘முதலில் வேலையைக் கற்றுக்கொள், அப்புறம் பேசலாம்’ என்றால் போகாதீர்கள். மாவட்டத்தில் வேறு ஆபீஸ்கள் இருக்கின்றன. மோட்டார் மட்டும்தான் என்றும் இல்லை. தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகள், டாக்டர்களின் தொழில் பொறுப்பு பாலிசிகள், போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1991-இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் எல்லாம் இதே படிப்புதான். பாலிசியை வரிவரியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் மாவட்ட அளவில் ரொம்பக் குறைவு.

அப்புறம் அம்மா. அவர்களிடம் சட்டம் பேசாதீர்கள். அன்றைக்கு நடந்தது தப்புதான் என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியை நீங்கள் யாரிடமும் கேட்க மாட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். உடனே சமாதானம் ஆகமாட்டார்கள். ஆக வேண்டும் என்று அவசரப்படுத்தவும் வேண்டாம், அவர்களுடைய கோபத்துக்கு முழு உரிமை உண்டு. அதோடு, அம்மாவின் வருத்தத்தால் மட்டும் இந்த வேலையை நீங்கள் விட்டாலும் அது தப்பில்லை. வேறு யாரும் அதற்குக் காரணம் கேட்க முடியாது.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அப்பா வழக்கின் தீர்ப்பையும் ஹைகோர்ட் தீர்ப்பையும் நகல் எடுத்து உட்கார்ந்து படியுங்கள். உங்கள் கடிதத்தில் கம்பெனி வருகிறது, வக்கீல் வருகிறார், டிரைவர்கூட வருகிறார். லாரி ஓனரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. அவர் ஆஜரானாரா, எக்ஸ்பார்ட்டியா, டிரைவரின் லைசென்ஸை அவர் பார்த்தாரா என்று தீர்ப்பில் எங்காவது இருக்கிறதா, கம்பெனி பிறகு அவரிடம் வசூலித்ததா என்று தேடிப் பாருங்கள். எக்ஸிகியூஷன் பதிவேட்டில் கிடைக்கும். உங்கள் அப்பா சாவுக்கு அவரும் ஒரு காரணமாக இருக்கலாம், அதனால் இதைப் படிப்பது உங்களுக்குச் சுலபமாக இருக்காது. படித்த பிறகு, அந்தக் கட்டில் கம்பெனிக்கு நீங்கள் ஒப்பீனியன் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா